எட்டுக்கு ஆறு

‘மாபெரும்’ பத்தாதாம். கவுன்சிலர் இசக்கிதுரை அண்ணன் மூன்றாவது தடவையாகப் போனில் கூப்பிட்டுவிட்டார். “ஏம்மா முப்பிடாதி, மாபெரும்னு எல்லாவனும்தான் போடுதான். பரோட்டா கடை தொறக்கவன்கூட மாபெரும் திறப்பு விழான்னு போடுதான். நம்மது குடிதண்ணித் தொட்டிம்மா, முப்பதாயிரம் லிட்டர். இன்னும் பெருசா என்னமாவது போடு.” சரிண்ணே, பாக்கேண்ணே என்று வைத்தேன். வார்டுக்கு ஒரு தொட்டி வந்ததில் மனுசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ‘மாபெரும்’ என்பதை அழித்துவிட்டு ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என்று ஒட்டினேன். எழுத்து ஓரத்தில் இடித்தது. சுருக்கினேன். சுருக்கினால் வரலாறு குள்ளமாகத் தெரிகிறது, நாலாவது தடவை கூப்பிடுவார். மணி இரண்டே கால். வயிற்றுப் பிள்ளை காலையிலிருந்து அசையவில்லை. இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. காலையிலிருந்து நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் அசைந்ததா? பஸ்தான் அசைந்தது. அந்த ரோட்டில் எது பஸ், எது பிள்ளை என்று யார் கண்டது. நேற்று சாயங்காலம் முறுக்கு தின்னும்போது விலாவில் ஓர் உதை, அது நிச்சயம், நான் ‘யம்மா’ என்று சொன்னதும் அத்தை சிரித்ததும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம்? படுக்கும்போது? டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படு, இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வர வேண்டும், வராவிட்டால் யோசிக்காமல் கிளம்பி வா என்று. கடையில் எங்கே படுப்பது? நாற்காலியிலேயே இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணிக்குப் பக்கத்துக் கடை ரோஸ்மில்க் வாங்கிக் குடித்தேன், குளிர்ச்சிக்குத் துள்ளும் என்பார்கள். எனக்குத்தான் ஏப்பம் வந்தது.

இந்தப் பலகையை முடித்துவிட்டுச் சொல்லலாம். யாரிடம்? கடையில் இருப்பது வேலாயுதம் அண்ணாச்சி ஒருவர்தான். உமையாள் டிஜிட்டல்ஸ் அவருடையது. நான் கம்ப்யூட்டரில் பிளக்ஸ் பலகைகளை வடிவமைப்பேன், அவர் உள்ளறையில் மெஷினில் அடித்துக் கொடுப்பார். ஆறு வருடமாக இப்படித்தான். அந்த மெஷின் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து, இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து, தறிச் சத்தம் மாதிரி. அம்மா தறிக்குப் போனவள், வயிற்றில் நான் இருக்கும்போதும் போனாளாம், தறி நின்றால்தான் நீ உதைப்பாய் என்பாள். அப்படியானால் மெஷின் நிற்கட்டும். நின்றால் உதைக்கும். ஆனால் மெஷினில் இப்போது ஓடுவது காதணி விழாப் பலகை, பத்துக்கு எட்டு அடி, முடிய இன்னும் நேரமாகும். அதை நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் நான் சொல்ல வேண்டிவரும். சொல்லிவிட்டால் அது நடந்துவிடும். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன். இருந்தாலும் போன தடவை பிள்ளை அசையாதபோது ஒன்றரை நாள் வாயைத் திறக்கவில்லை, திறக்காத வரை அது நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அத்தையிடம் சொன்னேன், மத்தியானத்துக்குள் நடந்துவிட்டது. அதாவது, முன்னாலேயே நடந்து முடிந்திருந்தது. டாக்டரம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “கடைசியா எப்பம்மா அசைஞ்சுது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இன்றுவரைக்கும் என் காதுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

வேறு வார்த்தை தேட வேண்டும். கம்ப்யூட்டரில் ‘வார்த்தை’ என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறேன், ஆறு வருடத்தில் நானாகச் சேர்த்தது. அரசியல் என்றால் சரித்திரம் படைக்கும், திருப்புமுனை, பொன்னெழுத்துக்களில் பொறிக்கத்தக்க. கல்யாணம் என்றால் இருமனம் இணையும். சாவு என்றால் இமயம் சரிந்தது, சகாப்தம் முடிந்தது, ஈடு செய்ய முடியாத இழப்பு, ஆறாத் துயரம். எல்லாம் வெட்டி ஒட்டுவதுதான். இந்த ஊரில் ஆறு வருடமாக எது பெரிசாக நடந்திருந்தாலும் அது இந்தக் கோப்பு வழியாகத்தான் நடந்திருக்கிறது. போன மாசம் ஒரே நாளில் மூன்று சகாப்தம் முடிந்தது, அதில் ஒருவர் வட்டிக்காரர். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, “சகாப்தத்தைக் கொஞ்சம் பாத்துச் செலவழி தாயி, நாளைக்கு எனக்கும் ஒண்ணு வேணும்லா” என்றார். அன்றைக்கு நானும் சிரித்தேன். இன்றைக்கு அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ் வரை ஓட்டும்போது, இழப்பு, துயரம், கண்ணீர், மீளா, எல்லாம் திரையில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கின்றன, நிறுத்த வேண்டும் என்று நினைத்தும் விரல் நிறுத்த மாட்டேன் என்கிறது. பொன்னெழுத்துக்களில் பொறிக்கத்தக்க குடிநீர்த் தொட்டி. சரி, அதுவே இருக்கட்டும். ஒட்டினேன். இப்போது அசைந்ததா? இல்லை, மேஜை. மெஷின் ஓடினால் மேஜையும் நடுங்கும், மேஜையில் வயிறு முட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலியைப் பின்னால் இழுத்தேன். நடுக்கம் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

சுவரில் நான்கு பேர் சாய்ந்து நிற்கிறார்கள். வாங்கிப் போக வராத அஞ்சலிப் பலகைகள், பக்கத்துக்குப் பக்கம் அடுக்கி வைத்தவை, முதலில் இருப்பவர் பெயர் செல்லையா. அவர் வீட்டில் கொடுத்த போட்டோவில் கண் பாதி மூடியிருந்தது. வேறு போட்டோ கிடையாதாம். அன்றைக்கு அவசரத்தில் எங்கள் மாமா போட்டோவிலிருந்து இரண்டு கண்ணை வெட்டி எடுத்து அவர் முகத்தில் வைத்துவிட்டேன். பொருந்திப் போயிற்று. குடும்பமே வந்து பார்த்துவிட்டு, அப்படியே உயிரோடு பார்க்கிற மாதிரி இருக்கு என்று அழுதது. ஒன்றை ஆஸ்பத்திரி ரோட்டில் ரயில்வே கேட் பக்கம் கட்டினார்கள், மற்றொன்று மிச்சப்பட்டு இங்கே நிற்கிறது. திருப்பூரில் நல்லபடியாக இருக்கிற மாமா, செத்துப்போன ஒருவர் முகத்திலிருந்து என்னைப் பார்க்கிறார். எத்தனை பேருக்கு எத்தனை பேர் கண்ணை வைத்திருக்கிறேன்! கிழவிகளை வெளுப்பாக்கியிருக்கிறேன், வாயில் பஞ்சு வைத்த படத்தைக் கொடுத்தால் பஞ்சை எடுத்துவிட்டுச் சிரிப்பு வைத்திருக்கிறேன். பயந்ததே இல்லை. ஒரே ஒரு தடவை பயந்தேன். தகப்பனார் கிடையில் கிடக்கிறார் என்று ஒரு மகன் முன்கூட்டியே சொல்லிவைக்க வந்தான், தேதியை மட்டும் விட்டுவிட்டு எல்லாம் தயார் செய்யச் சொன்னான். நான் விட்டுவிடாமல், பழக்கதோசத்தில், அன்றைய தேதியை அடித்துவிட்டேன். சாயங்காலம் போன் வந்தது. தேதி மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணாச்சி, மூச்சு நிற்காமல் யாருக்கும் பலகை போடுவதில்லை என்று சொல்லிவிட்டார். நானும் தேதி அடிக்கும்போது இரண்டு தடவை பார்ப்பேன்.

தேதி என்றதும் எதற்கு அதையே நினைக்கிறேன். ஆகஸ்ட் இருபத்தாறு. நினைக்க மாட்டேன் என்று நினைப்பதும் நினைப்பதுதான். மூன்று வருடம் ஆகிறது, பெண் பிள்ளை, முடி நிறைய இருந்தது என்று என் அம்மா மட்டும் பார்த்தாள். ஒரு துண்டில் சுற்றி, என் வீட்டுக்காரர் கோமதிநாயகமும் அவர் அண்ணனும் கொண்டுபோனார்கள். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. கோமதிநாயகம் நல்ல மனுசன், கொல்லத்தில் பேக்கரி வேலை, தினம் இரண்டு தடவை போன் பண்ணுவார், ஆனால் அந்த இடத்தை மட்டும் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பேர் வைக்கவில்லை. சங்கு இல்லை, பதினாறு இல்லை, ஒரு மனிதர் வந்து துக்கம் கேட்கவில்லை. அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே, “சத்தம் போட்டு அழாதட்டி. இதுக்கு அழுதா அடுத்தது தங்காது” என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளுக்கும் அப்படித்தான் யாரோ சொல்லியிருப்பார்கள். நான் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நாள் கிடந்துவிட்டு வேலைக்கு வந்தேன். வந்த அன்றைக்கு, இதே மத்தியானம் மாதிரிதான், அண்ணாச்சி வெளியே போயிருந்தார், யாரோ ஒரு பெரியவருக்கு ஆறாத் துயரம் அடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, எட்டுக்கு ஆறு என்று வெறுமையாக ஒன்று திறந்தேன். அவளுக்கு ஒன்று போட வேண்டும். அடிக்க வேண்டாம், கட்ட வேண்டாம், திரையில் மட்டும். போட்டோ இல்லை. பெயர் இல்லை. வார்த்தைக் கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். சகாப்தம் என்றால் அபத்தமாக இருந்தது. ஈடு செய்ய முடியாத என்று வைத்தேன், போன மாசம் அதை வைத்த ஆள் முகம் வந்து நின்றது. எல்லாம் யாருக்கோ போட்டுக் கழற்றியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கடைசியில் இரண்டு வரிதான் மிஞ்சியது. தோற்றம் இருபத்தாறு எட்டு. மறைவு இருபத்தாறு எட்டு. அதைப் பார்த்து நான் அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். அதுதான் நான் செய்த தப்பு.

தப்பு அதோடு நிற்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, அண்ணாச்சி. அழிக்க மனம் வரவில்லை. எங்கள் வேலையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள் அடுக்குவது மாதிரித்தான் அடுக்குவோம், லேயர் என்போம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். கண்ணை மூடினால் அந்தத் தாள் மறைந்துவிடும், ஆனால் உள்ளேயே இருக்கும். மூடினேன். அதற்கு மேலே பூ பார்டரை இழுத்துப் போட்டு, கைக்கு வந்த பெயரில் சேமித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, சேமித்தது எங்கள் மூலக் கோப்பின் மேலேயே. எட்டுக்கு ஆறு என்று யார் வந்து கேட்டாலும் அதைத்தான் திறப்போம், பெரிசு வேண்டுமென்றால் அதையே நீட்டுவோம், பெயரையும் போட்டோவையும் மாற்றுவோம், வேறு பெயரில் சேமிப்போம். அன்றிலிருந்து இந்த ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும், காதணி விழாவுக்கும், பூப்புனித நீராட்டுக்கும், பொதுக்கூட்டத்துக்கும் அடியில் அவள் தேதி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. அச்சில் வராது. யாருக்கும் தெரியாது. முதலில் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன், அப்புறம் நாளைக்கு என்று நினைத்தேன், அப்புறம் இருக்கட்டுமே என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு விசேசத்துக்கும் அவளும் போய்வருகிறாள் என்று ஒரு நினைப்பு. பேயாட்டம்தான். இருந்தாலும் பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு பலகைக்கும் உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

இசக்கிதுரை அண்ணன் தொட்டியை அச்சுக்கு வைக்கக் கோப்புறையைத் திறந்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு புதுப் பெயர். ‘முப்பி வளைகாப்பு’. நான் செய்யாத ஒன்று. வெள்ளிக்கிழமை எனக்கு வளைகாப்பு. பெரிசாக ஒன்றும் வேண்டாம், வீட்டோடு என்று அத்தை சொல்லியிருந்தாள். அண்ணாச்சி எனக்குத் தெரியாமல், நான் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து ஒன்று செய்திருக்கிறார். திறந்தேன். போன வருடம் ஆயுத பூஜைக்கு எடுத்த படம், நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன், வளையலும் தாமரையும் எதுவும் நேர்கோட்டில் இல்லை, அவருக்கு அவ்வளவுதான் வரும். ‘எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு’ என்று மட்டும் போட்டிருக்கிறார். ஒரு சரித்திரம் இல்லை, பொன்னெழுத்து இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வந்த வேகத்தில் ஓரத்தில் இருந்த லேயர் பட்டியலைப் பார்த்தேன். என் படம். வளையல். தாமரை. பூ பார்டர். அதற்கும் கீழே, கடைசியில், மூடிய கண். எட்டுக்கு ஆறுதான் எடுத்திருக்கிறார், வேறு எதை எடுப்பார். கை தானாகப் போய் அந்தக் கண்ணைத் திறந்தது, தாளை மேலே இழுத்தது. தோற்றம் இருபத்தாறு. மறைவு இருபத்தாறு. சிரிக்கிற என் வயிற்றின்மேல், சரியாக நடுவில், கறுப்பு எழுத்தில். எழுத்து மட்டும் கொஞ்சம்கூட மங்கவில்லை. நான் அழுதேன், அடுத்தது தங்காது என்றாள். ஊருக்கெல்லாம் அடியில் வைத்தேன், கடைசியில் சுற்றிக்கொண்டு என் வயிற்றுக்கு அடியிலேயே வந்து படுத்துவிட்டது. அழித்துவிடலாம். ஒரு பொத்தான். ஆனால் இதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் எங்கேயும் ஒரு எழுத்து கிடையாது, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் என் பெயர்தான் இருந்தது. அழித்தால் அவளை நானே இரண்டாவது தடவை துண்டில் சுற்றிக் கொடுக்கிற மாதிரி. அழிக்காவிட்டால் இவன், இவள், உள்ளே இருப்பது எதுவோ அது. ஏண்டா அசைய மாட்டேன் என்கிறாய். ஏண்டி. ஒரு தடவை. அக்காவுக்குப் பயந்தா? அவள் ஒன்றும் செய்ய மாட்டாள். அவளுக்கு உன்னைவிடச் சின்ன வயசு. மணி இரண்டு ஐம்பது. மெஷின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருகிறது. செல்லையா என் மாமாவின் கண்ணால் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன் அடிக்கிறது, இசக்கிதுரை அண்ணன், எடுக்கவில்லை. அன்றைக்கு ஒன்றரை நாள். இன்றைக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று? முறுக்கு தின்றது ஆறு மணிக்கு என்றால், ஏழு, எட்டு, எண்ண எண்ணப் பயம் மேலே ஏறி வருகிறது. பொறிக்கத்தக்க, மிக்க, மாபெரும், ஈடு இணையற்ற, எதுவும் உதவாது. இரண்டு வார்த்தைதான் வேண்டும். அதை நான் யாருக்கும் இதுவரை அடித்ததே இல்லை.

“அண்ணாச்சி.” மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து உள்ளறை வாசல் வரை போனேன். “அண்ணாச்சி, பிள்ளை அசையல. நேத்து சாயங்காலத்திலேருந்து.”

அவர் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. மெஷினின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார், காதணி விழா பாதி முகத்தோடு நின்றது. “ஆட்டோ கூப்பிடுதேன். நீ பையை எடு தாயி.” வெளியே ஓடிப் போய் ஆட்டோவை நிறுத்திவிட்டு, சட்டர் சாத்த வந்தவர் என் திரையைப் பார்த்துவிட்டார். என் சிரிப்பு, வளையல், நடுவில் தேதி. “அண்ணாச்சி, அது நான் சும்மா...” என்று என்னவோ சொல்லப் போனேன். அவர் குனிந்து மவுஸைப் பிடித்தார், அந்தக் கண்ணை மெதுவாக மூடினார். அவ்வளவுதான். அழிக்கவில்லை.

“அது இருக்கட்டும்,” என்றார். “மூணு வருசமா இருக்கு. அச்சுக்குப் போறதுக்கு முந்தி தாளையெல்லாம் ஒண்ணாச் சேக்குறது நான்தான? ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க மதினிகிட்டகூடச் சொன்னதில்ல.” திரையை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். “ஒம் பலகைக்கு வேற கோப்பு எடுக்கலாமான்னு பாத்தேன். அந்தப் பிள்ளைக்கும் வளைகாப்புப் பாக்க ஆசை இருக்கும்லான்னு இதையே எடுத்தேன். வா, வா, நேரமாகுது.”

ஆட்டோ பஜாரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் நான் செய்த முகங்கள், கும்பிடுகிறவர்கள், விரல் நீட்டுகிறவர்கள், மாலை போட்டவர்கள், எல்லோரும் என்னையே பார்த்தபடி பின்னால் போனார்கள். எல்லோருக்கும் அடியில் அவள். மூன்று வருடமாக நான் ஒருத்திதான் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்தது பொய், அண்ணாச்சியும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார், சொல்லவில்லை. அழு, இப்போது அழுதால் என்ன, ஆனால் அழுதால் வயிறு குலுங்கும், குலுங்கினால் எது எது என்று தெரியாது. இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. அதைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி. அண்ணாச்சி இறங்கிப் போய்க் கேட்காரரிடம் என்னவோ கெஞ்சினார், ரயில் வந்துகொண்டிருக்கிறது, திறக்க முடியாது என்று அவர் கையை விரித்தார். திரும்பி வந்து முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டிரைவர் இஞ்சினை அணைத்தார். கம்பத்தில் செல்லையா. மாமாவின் கண்கள். அந்தக் கண்களை நானும் விடாமல் பார்த்தேன், வேறு எங்கேயும் பார்க்கத் தைரியம் இல்லை. பஸ் இல்லை, மேஜை இல்லை, மெஷின் இல்லை. வலது விலாவுக்குக் கீழே ஒரு தட்டு. மூச்சை அடக்கிக்கொண்டேன். ரயில் இன்னும் வரவில்லை, அதனால் அது ரயில் இல்லை. இஞ்சின் ஓடவில்லை, அதனால் ஆட்டோ இல்லை. மறுபடியும். இப்போது கொஞ்சம் கோபமாக, தூக்கத்தில் எழுப்பினால் புரண்டு படுப்பது மாதிரி. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய், “என்னம்மா? என்ன ஆச்சு?” என்றார். வார்த்தைக் கோப்பில் இருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் கையைப் பிடித்தேன்.

“இருக்கு அண்ணாச்சி,” என்றேன். “இருக்கு.”